எதோடு முழுங்கினாய்?

பிப்ரவரி 6

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் படியேற மாட்டேன் என்கிறது. அதன் பேச்சை நான் கேட்பதில்லை. நீ நலமா? ஒப்புக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நீ வாயும் வயிறுமாக இருக்கும் செய்தியை என் மகன் தொலைபேசியில் சொன்னான். பஸ் உறுமுகிற சத்தத்துக்கு நடுவில் நின்று சொன்னான். பாதிதான் விளங்கியது. எனக்குக் காது போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். காது நன்றாகத்தான் இருக்கிறது, கருவிதான் மட்டம். இனி நமக்குள் கடிதம் போதும். நீயும் யோசித்து எழுதுவாய், நானும் யோசித்துத் திட்டுவேன்.

மூன்று மாதம் முடியும் வரை வயிறு முரண்டு பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு. பருப்பு, கீரை, முட்டை, பால் எதையும் விடாதே. நான் படித்த கான்வென்ட் விடுதியில் தட்டில் மிச்சம் வைத்தவளைக் கன்னியாஸ்திரி எழுப்பிவிடுவார், நின்றபடியே தின்று முடிக்கவேண்டும். மற்ற நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீயும் அந்தக் கன்னியாஸ்திரி எதிரில் இருப்பதாக நினைத்துக்கொள்.

இத்துடன் ஒரு டின் தேயிலை வருகிறது. உன் மாமனார் தேயிலை ஏலக் கம்பெனியில் ருசி பார்த்தவர். அவர் போன பிறகு அவருடைய பழைய வாடிக்கைக்காரர்களுக்கு நான்தான் கலந்து கொடுக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். இந்தக் கலவை உனக்கென்றே போட்டது.

மருத்துவமனையில் இரும்புச் சத்து மாத்திரை தருவார்கள். துருப்பிடித்த ஆணியை நக்கியது போல இருக்கும். நம் வீட்டில் எந்த மருந்தும் தண்ணீரோடு உள்ளே போனதில்லை, தேநீரோடுதான் போகும். அது உன் மாமனார் வைத்த வழக்கம். என் மகனைச் சுமந்தபோது நானும் அப்படித்தான் முழுங்கினேன். நீயும் அப்படியே செய். சாயம் நன்றாக இறங்கட்டும்.

உன் உடம்பைப் பற்றிய பதிலை எதிர்பார்க்கும்,
அத்தை


பிப்ரவரி 27

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். மூன்றாவது ஆளும் நலம் என்று நர்ஸ் சொல்கிறார். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? கொடுக்க மாட்டீர்கள் என்று இவர் பந்தயம் கட்டுகிறார்.

டின் வந்து சேர்ந்தது. திறந்தவுடன் பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "யாரு வீட்ல இப்படி மணக்குது?" என்று கேட்டுவிட்டார்.

காலை ஆறு மணிக்கெல்லாம் பஸ் நிலைய டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்துவிடுகிறேன். கண்ணாடியில் காசு நீட்டுவதற்கு ஒரு அரைவட்ட ஓட்டை இருக்கிறதே, அது வழியாக டீசல் புகை நேராக என் மூக்குக்கு வருகிறது. குமட்டலை அடக்கிக்கொண்டுதான் சில்லறை கொடுக்கிறேன். மதியம் இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் வரிசை நீண்டுவிடும். நேற்று ஒருவர், "ஏம்மா, பஸ்ஸு எனக்காக நிக்குமா? உன் சாப்பாடு நிக்கும்ல" என்றார். பக்கத்து கவுன்டர் அக்கா விடுவாரா? "அண்ணே, அவ ரெண்டு பேருக்குச் சாப்பிடுறா. நீங்க ஒருத்தர்தானே, நடந்தே போங்க" என்றார். வரிசையே சிரித்தது.

சாப்பிட்டதில் பாதி வெளியே வந்துவிடுகிறது. உங்கள் தேநீர் ஒன்றுதான் வயிற்றில் நிற்கிறது. பிளாஸ்கில் எடுத்துப் போகிறேன். சாப்பாடு முடிந்ததும் நீங்கள் சொன்னபடியே மாத்திரையைத் தேநீரோடு முழுங்கிவிடுகிறேன். நாற்றமே தெரிவதில்லை.

ரத்தம் கொஞ்சம் குறைவு என்றார்கள். பதினொன்றுக்கு மேல் இருக்கவேண்டுமாம், ஒன்பதுதான் இருக்கிறது. மாத்திரையில் ஏறிவிடும் என்று நர்ஸ் சொன்னார். நீங்கள் கவலைப்பட வேண்டாம். இவருக்கு இப்போது தொலைதூர வண்டி. வாரத்தில் இரண்டு இரவுதான் வீட்டில் தங்குகிறார்.

உங்கள் நலம் நாடும்,
மருமகள்


ஏப்ரல் 15

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம்தான்.

போன மாதமே எழுதியிருக்கவேண்டும். குமட்டல் நின்றுவிட்டது, வாய்க்கு ருசி திரும்பிவிட்டது. கீரை, பருப்பு, தினம் ஒரு முட்டை என்று ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். ஆனாலும் கவுன்டரில் எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கண்ணாடியில் முகத்தைப் பார்த்தால் மாவு பூசினது போல இருக்கிறது.

முந்தாநாள் பரிசோதனைக்குப் போனோம். இவரும் வந்திருந்தார். ரத்தம் ஏறவில்லை, எட்டரைக்கு இறங்கியிருக்கிறது. வரிசையில் இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் சீட்டைப் பார்த்துவிட்டுச் சத்தமாக, "ஏம்மா, மாத்திரையை வாயில போடுறியா, சாக்கடையில போடுறியா?" என்றார். "தினமும் சாப்பிடுறேன் சிஸ்டர்" என்றேன். "எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. ரத்தம் பொய் சொல்லுமா?" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அத்தை, நான் ஒரு நாள்கூடத் தவறவில்லை. இவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். வெளியே வந்ததும் வண்டிக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னார்.

குழந்தை நன்றாக அசைகிறது. ராத்திரியில்தான் அதிகம். அது எதைத் தின்று இப்படி உதைக்கிறதோ என்று பயமாக இருக்கிறது.

தேயிலை தீரப்போகிறது. முடிந்தால் இன்னொரு டின் அனுப்புங்கள்.

உங்கள்,
மருமகள்


ஏப்ரல் 21

அம்மாவுக்கு,

நலம். நீங்களும் நலம்தானே? டிப்போவில் வண்டி எஞ்சினைத் திறந்து பழுதுபார்க்கிற இடைவெளியில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

உங்கள் மருமகள் மாத்திரை போடுவதில்லை என்று நினைக்கிறேன். போடுகிறேன் என்றுதான் சொல்கிறாள். நான் பாதி நாள் வீட்டில் இல்லை, பார்த்தவன் யார்? ரத்தம் ஏறவில்லை. நர்ஸ் இருபது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறவர், அவருக்குத் தெரியாதா? கேட்டால் இவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "நம்பலேன்னா வயித்தைத் தொறந்து பாரு" என்கிறாள்.

நான் சொன்னால் சண்டையாகிறது. நீங்கள் இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எனக்கு இப்போது ஸ்டியரிங் பிடித்தாலும் நினைப்பு அங்கேதான் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் மகன்


ஏப்ரல் 28

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலம். நீ நலமில்லை என்பது உன் கடிதத்தில் தெரிகிறது.

எனக்குச் சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. உடம்புக்குள் போன மருந்து வேலை செய்யும். வேலை செய்யவில்லை என்றால் அது உள்ளே போகவில்லை. கணக்கு அவ்வளவுதான். மலச்சிக்கல் வரும், குமட்டும், நாக்கு கறுக்கும். இதெல்லாம் பட்டவள்தான் நானும். அதற்காகச் சாப்பிடாததைச் சாப்பிட்டேன் என்று சொல்வது என் வீட்டில் வழக்கமில்லை. என்னிடம் பிடிக்கவில்லை என்று சொல்லலாம், முடியவில்லை என்று சொல்லலாம். பொய் சொல்லக் கூடாது. அதுவும் இன்னொரு உயிரை வயிற்றில் வைத்துக்கொண்டு.

நீ கெட்டவள் என்று நான் சொல்லவில்லை. பயந்தவள் என்கிறேன்.

வேறொரு டின் அனுப்பியிருக்கிறேன். முன்னதைவிடத் துவர்ப்பு அதிகம், எந்த மாத்திரையின் நாற்றத்தையும் அமுக்கிவிடும். காலையில் ஒன்று, மதியம் மாத்திரையோடு ஒன்று, மாலையில் ஒன்று. இனி நாக்கின் மேல் பழி போட முடியாது.

நலத்தை விரும்பும்,
அத்தை


ஜூன் 2

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். நீ?

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. தபால்காரரை வழிமறித்துக் கேட்டேன். "உங்களுக்கு வராட்டி நானே ஒண்ணு எழுதிப் போடட்டுமா பெரியம்மா?" என்கிறார். இந்த வயதில் எனக்கு இது தேவைதான்.

கோபமென்றால் கோபம் என்று எழுது. வாசலில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் எழுந்து போகிறேன். நேற்று ஒரு வாடிக்கைக்காரருக்குக் கலவை மாறிப் போய்விட்டது. என் கை இதுவரை தவறியதில்லை.

குழந்தை அசைகிறதா? அதை மட்டுமாவது எழுது.

அத்தை


ஜூன் 19

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. தாமதத்துக்கு மன்னிக்கவேண்டும். கவுன்டரில் ஆள் குறைவு, விடுப்பே கிடைக்கவில்லை.

குழந்தை நன்றாக அசைகிறது. ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, இப்போது பத்தைத் தாண்டிவிட்டது. டாக்டருக்குத் திருப்தி. இனி அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

இப்போதைக்குத் தேயிலை அனுப்பவேண்டாம் அத்தை. போன டின்னே இன்னும் தீரவில்லை.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மழை தொடங்கிவிட்டது. மாடியில் காயப்போட்டதை எடுக்க நீங்கள் ஏறாதீர்கள், கீழ்வீட்டுப் பெண்ணை அனுப்புங்கள்.

மருமகள்


ஜூன் 25

மகனுக்கு,

நான் நலம். நீ நலமா என்று பிறகு கேட்கிறேன்.

உன் மனைவியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மரியாதைக்குக் குறைவில்லை. அலுவலகத்துக்கு எழுதுகிற கடிதம் போல இருக்கிறது. குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, அதுதான் என் குறை.

டின் தீரவில்லை என்கிறாள். முதல் டின் இரண்டு மாதத்தில் காலியானது. இரண்டாவது அனுப்பியும் ஏறக்குறைய இரண்டு மாதமாகிறது. மூன்று வேளை குடித்தால் இந்நேரம் அடி தெரிந்திருக்கவேண்டும். அவள் குடிக்கவில்லை. நான் அனுப்பியதை அவள் தொடவில்லை. என் தேயிலையில் என்ன குறை கண்டாள்? இல்லை, என் மேல் உள்ள கோபத்தைத் தேயிலையின் மேல் காட்டுகிறாளா?

மாத்திரை விஷயத்தில் நான் எழுதியது கடுமைதான். ஆனால் பார், எழுதிய பிறகுதானே ரத்தம் ஏறியது. அந்த நன்றியாவது வேண்டாமா?

உள்ளதை உள்ளபடி எழுது. அவளிடம் கேட்டு எழுதாதே, உனக்குத் தெரிந்ததை எழுது.

அம்மா


ஜூலை 6

அம்மாவுக்கு,

எல்லாரும் நலம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாதீர்கள்.

மே மாதம் அவள் கவுன்டரில் மயங்கி விழுந்தாள். பக்கத்து கவுன்டர் அக்காதான் ஆட்டோ பிடித்து மருத்துவமனையில் சேர்த்தார். நான் போய்ச் சேர ஒரு நாளாகிவிட்டது. நாலு நாள் படுக்கவைத்து நரம்பு வழியாக இரும்பு ஏற்றினார்கள். உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நீங்கள் உள்ளபடி எழுது என்றதால் உடைக்கிறேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு. இவள் அழுதுகொண்டே ஒரு நாள்கூட விடவில்லை என்று சொன்னதும் அவர், "சரி, நம்புறேன். எதோட முழுங்குறீங்க?" என்று கேட்டார். "டீயோட" என்றாள். எப்படிப்பட்ட டீ என்று கேட்டார். கட்டிலுக்கடியில் இருந்த பிளாஸ்கை நான்தான் திறந்து காட்டினேன். டாக்டரம்மா ஒரு மூச்சு இழுத்து, "அருமையான டீ. ஆனா மாத்திரை பூரா இதுலயே போயிடுச்சும்மா" என்றார். தேநீரின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளுமாம், உடம்பில் சேரவிடாதாம். கீரையில் பருப்பில் இருக்கிற இரும்புக்கும் அதே கதிதான். முதல் மாதங்களில் வாந்தியில் போனது வேறு. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் தேநீருக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விடவேண்டும், மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு எடுக்கவேண்டும் என்றார். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கப் போதும் என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறாள்.

அவள் உங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அத்தைக்கு இருக்கிறது அந்த ஒரு கௌரவம்தான். அதை நான் எதுக்குப் பிடுங்கணும்?" என்றாள். நான் அவளிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை அம்மா. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். தெரியாமல் நடந்ததுதானே.

உங்கள் மகன்


செப்டம்பர் 3

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலம். நீயும் உன் மகளும் நலமென்று தந்தி போலச் சுருக்கமாக என் மகன் எழுதியிருந்தான். எடை எவ்வளவு, யார் சாயல், எவ்வளவு நேரம் வலித்தது என்று ஒன்றும் இல்லை. பஸ் கால அட்டவணையில்கூட இதைவிட விவரம் இருக்கும்.

மூன்று மாதமாக உனக்கு நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன் என்பது உண்மை. தாள் வீணானதுதான் மிச்சம்.

குழந்தைக்கு மாந்தம் வரும் என்று சொல்லி யாரோ உன்னை வெறும் ரொட்டியும் ரசமும் மட்டும் தின்னச் சொல்வதாகவும், பால் போதவில்லை என்று நீ அழுவதாகவும் அடுத்த கடிதத்தில் எழுதியிருக்கிறான். பால் கொடுக்கிறவளுக்குக் கர்ப்ப காலத்தைவிடப் பசி அதிகம் என்று எனக்குத் தெரியும். இதற்கு என்ன செய்யவேண்டும் என்று ஒரு பக்கம் எழுதினேன். எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். மே மாதம் நடந்ததை அவன் எனக்கு எழுதிவிட்டான், அந்த டாக்டரம்மாவிடம் கேள். என்ன சாப்பிடலாம், எதோடு சாப்பிடலாம், எப்போது சாப்பிடலாம் என்று அவரிடமே கேள். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் செய்யாதே.

இங்கே மழை விட்டுவிட்டது. முழங்கால் பரவாயில்லை. ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறேன், அவனிடம் சொல்லாதே.

குழந்தைக்கு என் முத்தம்.
அத்தை


செப்டம்பர் 29

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நானும் நலம், உங்கள் பேத்தியும் நலம். பிறந்தபோது இரண்டே முக்கால் கிலோ இருந்தாள். இப்போது மடியில் கனக்கிறாள். நெற்றி உங்களுடையது, பிடிவாதமும்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். "ரொட்டியும் ரசமும் மட்டும் சாப்பிட்டா பால் எங்கேருந்து வரும்? குழந்தைக்கு நீங்க சாப்பிடுறது ஒத்துக்காம போறது ரொம்ப அபூர்வம். பருப்பு, மீன், காய், பழம் எல்லாம் சாப்பிடுங்க. தாகத்துக்குக் குடிச்சுக்கிட்டே இருங்க. குழந்தை கேக்கும்போதெல்லாம் கொடுங்க, குடிக்கக் குடிக்கத்தான் ஊறும்" என்றார். இரும்பு மாத்திரையும் நிறுத்தக் கூடாதாம். ஒரு வாரமாக வயிறாரச் சாப்பிடுகிறேன். இவளும் குடித்துவிட்டுத் தூங்குகிறாள்.

நேற்று தடுப்பூசிக்குப் போனோம். அதே வரிசை, அதே பெஞ்சு, அதே நர்ஸ். என் பெயரைக் கூப்பிட்டதும் போய்ச் சீட்டை நீட்டினேன். அவர் எழுந்து நின்றார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். மடிப்பு தெரிந்தது, எழுத்து தெரிந்தது. உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

"உங்க மாமியார் ஜூலை மாசமே எழுதிட்டாங்க. மே மாசத்துக்கப்புறம் நீ டாக்டரம்மாகிட்டயே போயிட்டே, இந்தப் பக்கம் வர்றப்போ சொல்லணும்னு வெச்சிருந்தேன். அவங்க டீச்சரா?" என்று கேட்டார். பிறகு வரிசையைப் பார்த்துச் சத்தமாக, "எல்லாரும் கேளுங்க. இந்தப் பொண்ணு ஒரு மாத்திரைகூட வீணாக்கல. நான்தான் சாக்கடையில போடுறியான்னு கேட்டேன். எதோட முழுங்குறேன்னு கேட்டிருக்கணும், கேக்கல" என்றார். ஒரு பெண், "அப்போ எதோட முழுங்கணும் சிஸ்டர்?" என்றாள். அவர் அங்கேயே நின்று எல்லாருக்கும் சொன்னார்.

கடிதத்தை என்னிடம் காட்டினார். நான்கு வரிதான் இருந்தது. மாத்திரையைத் தேநீரோடு சாப்பிடச் சொன்னது நீங்கள்தான் என்று இருந்தது. கடைசி வரியை எழுதுகிறேன்: "அன்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னீர்கள், இதையும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லவேண்டும்."

இவர் குழந்தையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அடுப்பங்கரைக்குப் போய் முட்டை வேகவைத்தார். உரித்து, உப்புத் தொட்டு, என் கையில் கொடுத்தார். "அன்னிக்கு நான் வாயைத் தொறந்திருக்கணும்" என்றார். இரண்டாவது முட்டையை உரிக்கத் தொடங்கிவிட்டார்.

அத்தை, இதை ஏன் எனக்கு எழுதவில்லை?

உங்கள்,
மருமகள்


அக்டோபர் 8

அன்புள்ள மருமகளுக்கு,

நலம்.

நர்ஸுக்கு எழுதியது நர்ஸுக்கு. பிறர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்று உனக்கு யாரும் சொல்லித்தரவில்லையா? முட்டை விஷயம் சந்தோஷம். அவன் உரித்தால் பாதி வெள்ளை ஓட்டோடு போயிருக்கும். பார்த்து வாங்கிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் புறப்படுகிறேன். என் மகன் ஓட்டாத பஸ்ஸாகப் பார்த்து டிக்கெட் எடுத்திருக்கிறேன். நீ கவுன்டருக்குத் திரும்பும் வரை இருப்பேன். சமையல் என் பொறுப்பு. எதை, எப்போது, எவ்வளவு என்பது உன் பொறுப்பு. நீ சொல், நான் செய்கிறேன்.

எனக்கு இரவெல்லாம் ஒரே யோசனை. நீ அத்தனை மாதமும் உண்மையை எழுதிக்கொண்டிருந்தாய். நான் அதைப் படித்துக்கொண்டும் இருந்தேன். நாக்கால் பிழைத்தவள் நான். எது கலப்படம், எது சுத்தம் என்று ஒரு மிடறில் சொல்வேன். உன் கடிதத்தில் எனக்கு அது தெரியாமல் போயிற்று.

இன்று மதியம் என்ன சாப்பிட்டாய்? நான் வருவதற்குள் எழுது. நீ எழுதியதை நம்புவேன்.

அத்தை